பழைய கடனும் புதிய மிரட்டலும்

ஆலை வாயிலில், சம்பள நாளன்று, ஈட்டிக்காரன் காத்து நின்ற காலம் ஒன்று இருந்தது. இன்று ஈட்டி இல்லை. ஈட்டியின் இடத்திலே செல்பேசி! "நாளைக் காலைக்குள் கட்டு. இல்லாவிட்டால் போலீஸ் வரும், சம்பளம் முடங்கும், தெருவே சிரிக்கும்" என்கிறது ஒரு குரல். எந்தக் கடன்? எட்டாண்டுக்கு முன் வாங்கிய கடன்! பாதி கட்டினான், பட்டறை மூடிற்று, தவணை நின்றது. கொடுத்த நிறுவனம் கணக்கை இன்னொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. வாங்கியவன் ஆள் வைத்து மிரட்டுகிறான்.

மிரட்டப்பட்டவன் என்ன செய்கிறான்? மனைவியின் கம்மலை அடகு வைக்கிறான். அல்லது கந்துவட்டிக்காரனிடம் ஓடுகிறான். சிலர் உயிரையே விடுகிறார்கள். 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு தொழிலாளியின் குடும்பமே தீக்குளித்ததே, மறக்க முடியுமா அந்தக் காட்சியை?

வாங்கிய கடனைத் திருப்பித் தருவது நம் பண்பு. தர வசதி உள்ளவன் தராமலிருப்பதற்கு வழி சொல்ல நாம் இதை எழுதவில்லை. ஆனால், இல்லாதவனை அச்சுறுத்திப் பறிப்பதற்குப் பெயர் வசூல் அல்ல, வழிப்பறி! தண்டல்காரனின் மூலதனம் பணமல்ல, நமது அறியாமை. அந்த மூலதனத்தைப் பறிமுதல் செய்வோம், வாருங்கள்!

முதலாவது, காலம். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, சாதாரணப் பணக்கடனுக்கு வழக்குத் தொடுக்க 3 ஆண்டுதான் கெடு. கெடு கடந்தபின் வந்த வழக்கை, பிரதிவாதி வாய் திறக்காவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். கடன் செத்துவிட்டதா? இல்லை. கேட்டு வாங்கும் நீதிமன்ற வழிதான் அடைபடுகிறது. கடன் அழிவதில்லை என்று உச்சநீதிமன்றம் 1958-லேயே விளக்கியது. ஆகவே அவன் கேட்கலாம். வழக்காடி வாங்க முடியாது. வீட்டு அடமானத்துக்குக் கெடு 12 ஆண்டு; அடகு நகையின் கதையும் வேறு. இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, கையெழுத்து. இங்கேதான் கண்ணி இருக்கிறது, தோழர்களே! கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து 3 ஆண்டு புதிதாக ஓடும். கொஞ்சம் பணம் கட்டி அதைக் கைப்பட எழுதிக் கொடுத்தாலும் அப்படியே. கெடு முடிந்த பிறகோ, "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைப் புதிய ஒப்பந்தமாகவே ஏற்கிறது. "ஐந்நூறு ரூபாய் மட்டும் கட்டுங்கள், இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், நாங்கள் போய்விடுகிறோம்" என்று தேன் ஒழுகப் பேசுகிறானே, அந்தத் தாளுக்காகத்தான் அத்தனை தேனும்! படிக்காமல், படித்தவரைக் கேட்காமல், எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

மூன்றாவது, சம்மன். நீதிமன்றத்திலிருந்து தாள் வந்தால் மூலையில் போடாதீர்கள். கெடு கடந்த வழக்கென்றாலும் போய்ச் சொல்ல வேண்டும். போகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வரலாம். அந்தத் தீர்ப்பை 12 ஆண்டு வரை நிறைவேற்றலாம். வக்கீலுக்குப் பணமில்லையா? 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், ஆலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

சரி, தீர்ப்பே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் போய்விடுமா? போகாது! உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவைப் பாருங்கள். உழைப்பாளியின் கூலியில் கைவைக்க முடியாது. மாதச் சம்பளக்காரருக்கு, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் காப்பு. சேமநல நிதியைத் தொட முடியாது. கைவினைஞரின் கருவி, சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, தாலி, எதையும் ஜப்தி செய்ய முடியாது.

சிறையா? 56-ஆம் பிரிவு பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்வதை அறவே தடுக்கிறது. வசதியிருந்தும் வேண்டுமென்றே தராதவனுக்குத்தான் உரிமையியல் சிறை. ஏழ்மைக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பளித்தார். கடன் கட்டாதது மட்டுமே குற்றமாகாது. ஆனால் கொடுத்த செக் திரும்பினால் அது குற்ற வழக்கு. உடனே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

மிரட்டுகிறவனுக்கு என்ன? குண்டர்களை வைத்துக் கடன் வசூலிக்கக் கூடாதென்று உச்சநீதிமன்றம் 2007-ல் கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொல்லை செய்யக் கூடாது, பலர் முன் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் தண்டலுக்கும் எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் நம் சட்டமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது.

சட்டம் இருக்கிறது, ஏட்டுக்குள் இருக்கிறது. அதை வீதிக்குக் கொண்டுவருவது யார் வேலை? நம் வேலை! ஒவ்வொரு படிப்பகத்திலும், ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் இதைப் படித்துக் காட்டுங்கள். தண்டல்காரன் வந்தால் நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எந்த நாள் கடன்? கணக்கு எங்கே? இப்போது கடனுக்கு உரியவர் யார்? உன்னை அனுப்பிய அதிகாரக் கடிதமும் அடையாள அட்டையும் எங்கே? பதிலை எழுத்தில் கேளுங்கள். அழைப்பு வந்த நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். கடன் தந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். வாசலில் வந்து கலகம் செய்தால் காவல் நிலையத்துக்கு நடங்கள். கடன்பட்டவனைத் தனியே அனுப்பாதீர்கள். பக்கத்தில் இரண்டு தோழர்கள் நில்லுங்கள்.

தனியாக நிற்பவனைத்தான் மிரட்ட முடியும். கடன்பட்டதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, இருட்டிலே உட்கார்ந்து அழுகிற தொழிலாளி உங்கள் தெருவிலும் இருப்பான். இன்று மாலையே அவன் கதவைத் தட்டுங்கள், தோழர்களே! தண்டல்காரன் தட்டுவதற்கு முன்னால் நீங்கள் தட்டுங்கள்!