நிறைந்த படியில் மேலும் அளக்கலாமா?

வாசுதேவநல்லூரிலிருந்து குற்றாலம் சென்று அருவியைப் பார்த்திருப்பீர்கள். மேலே சமமாக ஓடிவரும் சிற்றாறு, பாறை விளிம்பைத் தாண்டியதும் செங்குத்தாக விழுகிறது. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவதும் ஏறத்தாழ இப்படித்தான்.

ரத்தத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து 60 வரை இறங்கினாலும், ஹீமோகுளோபினின் செறிவு 98 சதவீதத்திலிருந்து 90 வரையே குறையும். அதற்குக் கீழே 40-க்குப் போனாலோ செறிவு 75 ஆகிவிடும்! ஆகவே 90 என்பது பாறையின் விளிம்பு. 1974-ல் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி வெளியிட்ட முறைப்படி, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி ஆகியவற்றைக் கொண்டு இச்செறிவை அளக்கிறது.

1940-களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ரீவ் பெட்ஸ் மார்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். காசநோயால் கெட்ட நுரையீரல் பகுதியை அகற்றுவது அக்காலச் சிகிச்சைகளுள் ஒன்று. இன்று புற்றுநோய்க்கும் அவ்வாறு செய்கிறார்கள். இதன்பின் ஆக்ஸிஜன் குறைவது ஏன்?

ஒரு பகுதியை எடுத்ததால் மட்டுமா? இல்லை. எடுத்த பகுதிக்கு ரத்தமும் போவதில்லையே! மீதியுள்ள பகுதியில் காற்று புகாத இடத்துக்கும் ரத்தம் போவதே முக்கியத் தொல்லை. தையல் வலியால் நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுகிறார், இருமத் தயங்குகிறார். சளி அடைக்கிறது; காற்றுச் சிற்றறைகள் சுருங்குகின்றன.

ரத்தத்தில் கால் பங்கு இப்படிச் சுருங்கிய இடத்தின் வழியே செல்வதாகக் கொள்வோம். அது 75 சதவீதத்துடனும், மீதி முக்கால் பங்கு 98 சதவீதத்துடனும் வந்து கலந்தால் கிடைப்பது சுமார் 92. நல்ல பகுதி கூடுதலாக உழைத்து இதை ஈடுகட்டாதா? முடியாது. அங்கே ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிறைந்த படி. மேலும் அளந்தால் வழியத்தான் செய்யும்!

புகைப்பழக்கம், முதுமை, மிகுந்த உடல் பருமன், முன்பே உள்ள நுரையீரல் நோய், அகற்றும் பகுதியின் அளவு ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. இவற்றுள் புகையை விடுவது நம் கையில் இருக்கிறது.

வீட்டில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சை நடந்தால், "பாவம், வலிக்கும்; அசையாமல் படுத்திருக்கட்டும்" என்பார்கள் பெரியவர்கள். அது அன்புதான். ஆனால் மருத்துவர் சொன்னபடி வலிக்கு மருந்து கொடுத்து, எழுந்து உட்காரச் செய்து, ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் துணை நிற்பதே மேலான அன்பு. மூடிய சிற்றறை ஒவ்வொன்றும் திறக்கும்போது, நோயாளி அந்த விளிம்பிலிருந்து ஓரடி விலகுகிறார். காரணம் அறிந்த நீங்கள் அதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லலாமே!