ராஜபார்ட் முதல் பார்ட் டைம் வரை... ஒரு வார்த்தை, எத்தனை வேஷம்!

"பார்ட்ஸ் வரணும் தம்பி... ரெண்டு நாள் ஆகும்!"

பைக்கை மெக்கானிக் கடையில் விட்டவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாகவே இருக்கும். போன வாரம் நானும் கேட்டேன். சும்மா நிற்கும்போது போனைப் பார்த்தால், 'பார்ட் டைம் ஜாப் வேண்டுமா?' என்று தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். அட, இந்த 'பார்ட்' எங்கெல்லாம் வருகிறது!

காலேஜில் பார்ட்-1 என்றால் மொழிப்பாடம். நம்மில் பலருக்குத் தமிழ். வாக்காளர் பட்டியலில் பார்ட் நம்பர் என்றால், உங்கள் ஓட்டு எந்த வாக்குச்சாவடியில் என்று காட்டும் பாகம் எண். தியேட்டரில் பார்ட் 2. சென்னைவாசிகளுக்கு பார்ட்ஸ் என்றாலே புதுப்பேட்டை.

எனக்குப் பிடித்தது நாடக மேடை 'பார்ட்'தான். நடிகர் ஏற்கும் பாத்திரத்துக்கும் ஆங்கிலத்தில் இதுதான் பெயர். நம் நாடகக்காரர்கள் அதற்கு முன்னால் ஒரு சொல்லை ஒட்டி, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று சொந்தமாக்கிக்கொண்டார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேஷமும் பையன்களே கட்டினார்கள். சிறுவயதில் சிவாஜி கணேசன் ஸ்திரீபார்ட் கட்டியவர். 1973-ல் 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் நாடக நடிகராகவே வந்தார். நடிகர் நடராஜனுக்கோ 'கள்ளபார்ட்' பெயரோடே ஒட்டிக்கொண்டது!

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் இந்த வார்த்தைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. 'வள்ளி திருமணம்' என்றால் முருகன் ராஜபார்ட், வள்ளி ஸ்திரீபார்ட். நடிகர்களைத் தனித்தனியாக புக் செய்வதால் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதெல்லாம் கிடையாது. ஆனாலும் விடிய விடிய தர்க்கம் தூள் பறக்கும்.

சரி, அந்த மெசேஜுக்கு வருவோம். வீடியோவுக்கு லைக் போடுங்கள், ஹோட்டலுக்கு ரேட்டிங் கொடுங்கள் என்பார்கள். முதலில் 150, 200 ரூபாய் நிஜமாகவே அக்கவுன்ட்டில் விழும். பிறகு டெலிகிராம் குரூப். 'நான் 20,000 எடுத்தேன்' என்று அங்கே ஸ்கிரீன்ஷாட் போடுபவர்களும் அவர்களுடைய ஆட்கள்தான். (இங்கேயும் ஆளுக்கொரு பார்ட்!) அடுத்து, 1,000 கட்டினால் 1,300 தருவதாக ஒரு 'டாஸ்க்'. ஆயிரம் பத்தாயிரமாகும், லட்சமாகும். எடுக்கப்போனால், "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். அதையும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போன பணத்தை விட மனசு வராதே!

வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்டால், அந்த இடத்திலேயே பிளாக் செய்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. சாட், ஸ்கிரீன்ஷாட், டிரான்ஸாக்‌ஷன் நம்பர் எதையும் அழிக்காதீர்கள்.

பைக்கா? பார்ட்ஸ் இன்னும் வரவில்லையாம்.