ஒரு துளிச் செம்பில் தொங்கும் உயிர்

செங்குத்து உலகம் – 11

பாறை ஏறுபவர் ஆணி அடிக்க விரிசல் வேண்டும். விரிசலே இல்லாத இடத்தில் என்ன செய்வது? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் நிற்கும் எல் கேப்பிட்டன், சுமார் 900 மீட்டர் உயரமுள்ள கிரானைட் சுவர். அதன் பெரிய விரிசல்களில் கையை நுழைக்கலாம், சிலவற்றில் ஆளே நுழையலாம். ஆனால் அந்த விரிசல்கள் பாதி வழியில் மெலிந்து கோடாகிவிடும். கோடும் மறைந்தபின் மிஞ்சுவது, இரண்டு பாறைப் பரப்புகள் சேரும் ஒரு மூலை. மூலையில் பிளவு இருக்காது. அரை அங்குல ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும், அதுவும் வாய் அகன்றதாக. அங்கே எஃகு ஆணியை வைத்து அடித்தால், இரண்டாவது அடிக்கே தெறித்துப் பள்ளத்தாக்கில் போய் விழும்.

அந்த இடத்துக்கென்று பிறந்ததுதான் ‘காப்பர்ஹெட்’. ஏறுபவர்கள் சுருக்கமாக ‘ஹெட்’ என்பார்கள். செம்பிலோ அலுமினியத்திலோ செய்த சின்ன உருளை; அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி வடம்; வடத்தின் மறுமுனையில் ஒரு வளையம். உருளையைப் பள்ளத்தில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் உலோகம் இளகி, பாறையின் மேடுபள்ளங்களுக்குள் பரவி ஒட்டிக்கொள்ளும். வளையத்தில் கேரபைனர் என்ற பூட்டு வளையத்தை மாட்டி, அதில் எய்டர் எனப்படும் பட்டை ஏணியைத் தொங்கவிட்டு, அதில் ஏறி நிற்க வேண்டியதுதான். கீழே 500 மீட்டருக்கு வெறும் காற்று.

மலையேற்ற வரலாற்றில் மெத்தென்ற உலோகம் புதிதல்ல. ஆல்ப்ஸ் மலைகளில் தொடக்க காலத்தில் அடித்த ஆணிகளெல்லாம் மெல்லிரும்பு. அடிக்கும்போது விரிசலின் போக்குக்கு வளைந்து கொடுக்கும், பிடுங்கினால் உருக்குலைந்துவிடும். அதனால் பெரும்பாலும் அடித்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். 1940களில் யோசெமிட்டிக்கு வந்த ஜான் சலாத்தே, சுவிட்சர்லாந்தில் பிறந்த கொல்லர். மெல்லிரும்பு கிரானைட்டில் மடங்கிப்போவதைப் பார்த்து, கடின எஃகில் தானே ஆணி செய்துகொண்டார். ஃபோர்டு மாடல் ஏ காரின் அச்சுக்குப் பயன்பட்ட வகை எஃகு என்பார்கள். அந்த ஆணியை அடிக்கலாம், பிடுங்கலாம், மறுபடி அடிக்கலாம். பல நாள் ஏறவேண்டிய சுவருக்கு மூட்டை மூட்டையாக ஆணி சுமக்கத் தேவையில்லை. இவான் சூனார்டு, டாம் ஃப்ராஸ்ட் என்ற இரு ஏறுபவர்களும் அதே வழியில் இன்னும் மெலிதாகப் போய், தபால்தலை அளவேயான ‘ரர்ப்’ என்ற எஃகுத் தகடுவரை வந்தார்கள். 1972-இல் எல் கேப்பிட்டனில் ‘ஷீல்டு’ பாதையைத் திறந்த சார்லி போர்ட்டர், ஒரு கட்டத்தில் வரிசையாக 35 ரர்ப்களை அடித்து ஏறினார்.

ரர்ப்பும் நுழையாத இடத்தில் கடின உலோகத்தின் கதை முடிகிறது. எஃகு பாறையை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போகும். விலக இடமில்லாவிட்டால் அதற்கு வேலையில்லை. அங்கே உலோகம்தான் பாறைக்கு இணங்க வேண்டும். முதலில் அலுமினியத் துண்டில் துளையிட்டுப் பட்டை கோத்த ‘பேஷி’கள் வந்தன. பிறகு கொலராடோவைச் சேர்ந்த பில் ஃபாரஸ்ட் தமது நிறுவனத்தின் மூலம் காப்பர்ஹெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1970களில் சார்லி போர்ட்டரும் ஜிம் பிரிட்வெல்லும் எல் கேப்பிட்டனின் வெற்றுப் பரப்புகளுக்குள் புகுந்து புதுப் பாதைகள் போட்ட காலத்தில், ரர்ப்போடும் கொக்கிகளோடும் இந்தச் செம்பு உருளையும் இடுப்பில் தொங்கியது.

இதைச் செய்வது எளிது. கம்பி வடத்தின் முனைகளை மடக்கி இறுக்குவதற்கு ‘நைகோபிரஸ்’ என்ற உலோகக் குழாய்த் துண்டுகள் உண்டு. கப்பல், வேலி என்று வடம் கட்டும் இடங்களிலெல்லாம் பயன்படும் சரக்கு. அதில் ஒன்றை வடத்தின் முனையில் போட்டு அழுத்துக் கருவியால் இறுக்கினால் ஹெட் தயார். ஏறுபவர்கள் பலர் வீட்டிலேயே செய்துகொள்வார்கள். சின்ன அளவுக்குச் செம்பு. அது உறுதி கூடியது. பெரிய அளவுக்கு அலுமினியம். அது இன்னும் மெத்தென்று பரவும். கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் அடியிலும் படுக்கைவாட்டுக் கீறல்களிலும் வைக்க, வடத்தையே வட்டமாக வளைத்துச் செய்த ‘சர்க்கிள்ஹெட்’ என்ற வகையும் உண்டு.

செய்வது எளிது, வைப்பதுதான் வித்தை.

முதலில் இடம் பார்க்க வேண்டும். பள்ளம் கீழே போகப்போகக் குறுகினால் நல்லது. இழுவை கீழ்நோக்கி வரும்போது உருளை அந்தக் குறுகலில் போய் இன்னும் இறுகும். பாறையில் தூசோ பாசியோ பொருக்கோ இருந்தால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் உலோகம் பொருக்கைப் பிடித்துக்கொள்ளும், பாறையைப் பிடிக்காது. பள்ளத்தைவிடச் சற்றே பெரிய உருளையாக எடுத்து, வடம் நேராகக் கீழே தொங்கும்படி வைத்து, சுத்தியலின் முனையால் நாலு தட்டு. உருளை விழாமல் நின்றுவிட்டால் கையை எடுத்துவிடலாம்.

அடுத்து, மழுங்கிய உளி. சுத்தியலின் முகம் அகலம், மூலைக்குள் எட்டாது. உளி இல்லாதவர்கள் நீண்ட ஆணி ஒன்றின் நுனியையே உளியாக்கிக்கொள்வார்கள். அதை உருளையின் மீது வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக, பெருக்கல் குறி போடுவதுபோல் அடிக்க வேண்டும். உலோகம் நடுவிலிருந்து நான்கு பக்கமும் ஒதுங்கிப் பாறையின் துகள்களுக்கு இடையே இறங்கும். பிறகு ஓரங்களை அடித்து உள்ளே தள்ள வேண்டும். வடம் உருளைக்குள் நுழையும் இடத்தில் மட்டும் உளி படக்கூடாது. அங்கே ஒரு இழை அறுந்தாலும், முழுப் பளுவும் வரும்போது மற்ற இழைகள் தாங்காது.

கடைசியில் ஒரு சோதனை. உருளையின் இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு. அசையாமல் இருந்தால் நன்று. மொத்தமாகச் சற்றே உருண்டாலும் அது பாறையோடு ஒட்டவில்லை, பள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். எடுத்துவிட்டு வேறொன்றைப் போட வேண்டும்.

பயத்தில் இன்னும் நாலு அடி அடித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் வினை. செம்புப் பாத்திரம் அடிக்கும் கன்னார்களுக்கு இது தெரிந்த சேதி: அடிக்க அடிக்கச் செம்பு விறைத்துக்கொண்டே வரும். அதனால்தான் அவர்கள் நடுநடுவே நெருப்பில் காட்டிப் பதம் மாற்றிக்கொள்வார்கள். சுவரில் தொங்குபவரிடம் உலை கிடையாது. ஓர் அளவுக்கு மேல் அடித்தால் உலோகம் இளகுவதை நிறுத்திவிட்டு வெடிக்கத் தொடங்கும். மெலிந்துபோன பக்கத்தில் வடம் வெளியே தெரியும். எப்போது நிறுத்துவது என்பது காதுக்கும் கைக்கும் மட்டுமே தெரியும். உலோகம் நிறைந்து உட்கார்ந்ததும் அடியின் ஓசை மாறும்.

வைத்தாயிற்று, நம்பலாமா? உடனே ஏறி நிற்பதில்லை. நிற்கும் பழைய பிடியிலிருந்து நழுவாமல், புதிய ஹெட்டில் டெய்சி செயின் என்ற இணைப்புப் பட்டையை மாட்டி முதலில் பாதி எடையை ஏற்றுவார்கள். பிறகு முழு எடை. அதன்பின் மெல்லக் குதிப்பார்கள். போகப்போகப் பலமாகவே குதிப்பார்கள். தலையை நிமிர்த்தி ஹெட்டைப் பார்ப்பது கூடாது. பிய்த்துக்கொண்டு வந்தால் நேராக முகத்தில்தான் வரும். உடல் எடையைவிட இருமடங்கு விசையில் இழுத்தும் வராத ஒன்று, அசையாமல் நிற்கும்போது வராது என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கு நிற்பதற்கு மட்டும்தான், விழுவதற்குப் பொருந்தாது. சின்ன ஹெட்கள் உடல் எடையைத் தாங்கும். விழுகையின் உதறலைத் தாங்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இப்படிக் கருவியில் தொங்கி ஏறும் எய்டு ஏற்றத்தின் தர வரிசையே இதை வைத்துத்தான். ஏ1 என்றால் ஒவ்வொரு பிடியும் விழுகையைத் தாங்கும். ஏ5 என்றால் அந்த ஒரு கயிற்று நீளம் முழுவதிலும் விழுகையைத் தாங்கக்கூடிய பிடி ஒன்றுகூட இல்லை. முன்னால் ஏறுபவர் 30 மீட்டர் ஏறிவிட்ட பிறகு மேல் ஹெட் பிய்ந்தால், அடுத்ததும் பிய்யும், அதற்கடுத்ததும் பிய்யும்; கடைசியில் கயிறு பிடிப்பவர் தொங்கும் நிலையத்தையும் தாண்டி, 60 மீட்டருக்கு மேல் விழ நேரிடும். இதற்கு ஏறுபவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஜிப்பர்’. உதறலைக் குறைக்க ‘ஸ்க்ரீமர்’ என்ற மடித்துத் தைத்த பட்டையை ஹெட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே மாட்டுவதுண்டு. பளு கூடும்போது தையல் ஒவ்வொன்றாகக் கிழிந்து, ஹெட்டுக்குப் போகும் அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்ளும்.

இதுவரை ஹெட்டை வைப்பவரின் கதை. பின்னால் வருபவரின் கதை இன்னொன்று.

எஃகு ஆணியை இரண்டாமவர் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். நன்றாக அடித்த ஹெட்டை எடுக்க முடியாது. சுத்தியலில் சங்கிலி மாட்டி வெடுக்கென்று இழுத்தால் பெரும்பாலும் வடம் மட்டும் அறுந்து வரும். உருளை பள்ளத்திலேயே தங்கிவிடும். இதுதான் ‘டெட்ஹெட்’: தொங்க ஒன்றுமில்லை, புதிதாக வைக்கவும் இடமில்லை. அடுத்து வருபவர், கீழே அதள பாதாளம் இருக்க, பட்டை ஏணியில் நின்றுகொண்டு அந்த உலோகத்தைத் துணுக்குத் துணுக்காகக் கிண்டி எடுக்க வேண்டும். கிண்டும் உளி பாறையையும் சேர்த்துக் கிண்டும். பள்ளம் ஒவ்வொரு முறையும் சற்று ஆழமாகும், வாய் விரியும். அதனால் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு: பிடிப்பாக உட்கார்ந்த ஹெட்டைச் சீண்டாமல் அப்படியே விட்டுவிட்டுப் போ. மழையிலும் பனியிலும் வடம் துருப்பிடித்த பழைய ஹெட்டை அடுத்தவர் முதலில் சோதித்துவிட்டுத்தான் நம்புவார். அது வேறு தொல்லை.

இதைவிட மோசமானது, ஹெட் நிற்கப் பள்ளமே இல்லாத இடத்தில் உளியால் பள்ளம் வெட்டுவது. ‘ட்ரெஞ்சிங்’ என்ற இந்தப் பழக்கத்தைப் பலர் வெறுக்கிறார்கள். பாறை கொடுக்காத பிடியை அதிலிருந்து வெட்டி எடுப்பதும், துளைபோட்டு போல்ட் இறக்குவதும் ஒன்றுதான் என்பது அவர்கள் வாதம். போல்ட்டாவது நாணயமாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. வெட்டிய பள்ளம் இயற்கையானதுபோல் நடிக்கிறது.

1972-இல், ஆணி செய்து விற்ற சூனார்டின் நிறுவனம் வெளியிட்ட பொருட்பட்டியலில் டக் ராபின்சன் எழுதிய கட்டுரை, சுத்தியலையே கீழே வைத்துவிடச் சொன்னது. விரிசலில் கையால் செருகி, கையால் எடுக்கும் உலோகக் கட்டைகள் போதும் என்றது. ஆணி விற்றுப் பிழைத்தவர்களே ஆணி வேண்டாம் என்றார்கள். அடுத்த ஆண்டே சூனார்டும் புரூஸ் கார்சனும் எல் கேப்பிட்டனின் ‘நோஸ்’ பாதையைச் சுத்தியல் இல்லாமல் ஏறிக் காட்டினார்கள். இன்று அந்தப் பாதையில் ஆணி அடிப்பவர் அநேகமாக இல்லை. ஆனால் கையால் செருக எதுவும் இல்லாத வெற்று மூலைகளில் அந்தப் பிரசங்கம் எடுபடவில்லை. அங்கே சுத்தியல் இன்னும் பேசுகிறது.

அங்கும் செம்பின் ராஜ்யம் சுருங்கிவருகிறது. பறவை அலகுபோல் வளைந்த ‘பீக்’ என்ற எஃகு ஆணிகள் வந்தபின், முன்பு ஹெட் அப்பிய பல கீறல்களில் மெல்லிய அலகு நுனியை மாட்டிவிடுகிறார்கள். எடுத்துக்கொண்டு போகவும் முடிகிறது. மெல்லிரும்பிலிருந்து எஃகுக்கு, எஃகிலிருந்து செம்புக்கு, செம்பிலிருந்து மறுபடி எஃகுக்கு. பீக்கும் பாறையைத் தேய்க்கத்தான் செய்யும். ஆனால் செம்பில் ஒரு கூடுதல் கடன் இருக்கிறது: முன்னவர் இரவல் வாங்கிய பிடியின் விலையை, அவரைத் தெரியாத யாரோ ஒருவர் கட்ட வேண்டும். அனுபவப்பட்டவர்கள் ஹெட்டைக் கையில் எடுக்குமுன், அது இல்லாமல் முடியுமா என்று பையிலிருக்கும் மற்ற எல்லாவற்றையும் ஒருமுறை வைத்துப் பார்ப்பதற்கு அதுதான் காரணம்.

இப்படி ஒரே ஒரு கயிற்று நீளம் ஏறவே பகல் முழுதும் ஓடிவிடும். இருட்டும்போது படுக்கத் திட்டு எதுவும் கிடையாது. அடுத்த வாரம்: செங்குத்துச் சுவரில் கட்டில் போட்டுத் தூங்குவது எப்படி?

(தொடரும்)