பெட்ரோல் வாடை வருதா? டியூப்பைப் பாருங்க!

வெள்ளகோவில்:-
கரூர்-கோவை ரோட்டில் உள்ள வெள்ளகோவில், விசைத்தறி ஊர். 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 மாதிரி பழைய வண்டிகள் தறிக்கூடத்து வாசலில் நிற்பது வழக்கம். உள்ளே பஞ்சுத்தூசி, வாசலில் பெட்ரோல் கசிவு. ஒரு பொறி போதும்!

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. பழைய ரப்பர் டியூப் இதில் ஊறி உப்பும். நாளடைவில் கீறல் விழும். சில பழைய வண்டிகளில் 20 ஆயிரம், 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது.

பீடி கூடாது

சின்ன வேலைதானுங்க. ஆனால் ஓடி வந்த சூட்டோடு கை வைக்கக்கூடாது. என்ஜின் ஆறட்டும். வெட்டவெளியில் நிறுத்தி, டேங்க் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பை மூடி, டியூப்பில் மிச்சம் இருப்பதைத் தகர டப்பாவில் பிடிக்க வேண்டும். பெட்ரோல் ஆவி தரையோடு படர்ந்து, எட்ட இருக்கும் பீடி நெருப்பையும் தொட்டுவிடும்.

கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப்பை வெட்டி மாட்டுவோர் உண்டு. சிக்கனம் அல்ல, வினை! எத்தனால் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய நீளத்துக்கே வெட்டி, சைலன்சரில் படாமல், இரு முனையிலும் புது கிளிப் போட வேண்டும்.

டேப்பைத் திறந்ததும் கிக்கரை உதைக்காதீர்கள். ஐந்து நிமிடம் பொறுத்து இரு முனையையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் உடனே டேப்பை மூடிவிட்டு, கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டுங்க!