கடல் கடந்து கற்கும் வைத்தியக் கலை

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்றொரு பழமொழி நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. "ஆயிரம் வேரைக் கண்டவன்" என்பதே நாளடைவில் இவ்வாறு திரிந்துவிட்டது என்பார் பெரியோர். எவ்வாறாயினும், இரு வடிவங்களும் ஓர் உண்மையையே உணர்த்துகின்றன. ஏட்டுப் படிப்பு மட்டும் ஒருவனை வைத்தியனாக்குவதில்லை. கண்டும் தொட்டும் கேட்டும் பெறும் அனுபவமே அவனை ஆக்குகின்றது. ஆனால், அந்த அனுபவம் யாருடைய உடலிலிருந்து பெறப்படுகின்றது? கம்பளையில் இருந்துகொண்டு இக்கேள்வியைச் சற்றுச் சிந்திப்போம்.

மேலை நாட்டு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில், படிப்பு முடியுந் தறுவாயில் மாணவர் வேறொரு நாட்டுக்குச் சென்று சில வாரங்கள் வைத்தியசாலையிலே பயிலும் வழக்கம் உண்டு. பிரித்தானியாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் அவ்வாறு புறப்படுவோரில் ஒரு சாரார் நம் கண்டிப் பிரதேசத்தை நாடி வருகின்றனர். இதில் வியப்பில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய வைத்தியக் கல்வி, 1962இல் பேராதனையிலும் ஒரு பீடம் கண்டது. அன்று முதல் இம்மலைநாட்டு நோயாளர்களே தலைமுறை தலைமுறையாக மாணவர்க்குப் பாடநூலாக விளங்கி வருகின்றனர்.

கருவி குறைந்த இடத்திற் கண் கூர்மையாகும்

குளிர் நாட்டு மாணவன் இங்கு கற்பது யாது? டெங்குக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். 2017இல் மட்டும் இலங்கையில் 180,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். காய்ச்சல் தணிந்தது கண்டு வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் சிலருக்கு அவ்வேளையிலேதான் ஆபத்துத் தொடங்குகின்றது. குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, நாடி தளரும். மணிக்கொரு முறை நாடியையும், குருதி அழுத்தத்தையும், சிறுநீரின் அளவையும் குறித்து வரும் தாதியின் பென்சிலே அங்கு பெரிய கருவி.

பாம்புக் கடியும் அவ்வாறே. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயிற் சிறிது குருதியை இட்டு, 20 நிமிடம் அசையாது வைத்துச் சாய்த்துப் பார்ப்பர். உறையாமல் ஒழுகுமாயின், நஞ்சு குருதியைக் கெடுத்துவிட்டது என்பது தெளிவு. கண்ணாடி விரியன் கடித்திருந்தால் இந்தியாவில் தயாராகும் எதிர்நஞ்சு மருந்து உதவும். சிங்களத்திற் 'குணகட்டுவா' எனப்படும் சிறிய குழிவிரியனின் நஞ்சுக்கோ அம்மருந்து பயன்படாது. சிலருக்கு அது சிறுநீரகத்தையும் பழுதாக்கிவிடும். ஆகவே, கடித்தது எது, எங்கே, எப்பொழுது என்று நோயாளியை விசாரித்து அறிவதே வைத்தியத்தின் முதற்படி.

மொழி என்னும் மருந்து

விசாரிப்பதற்கு மொழி வேண்டுமே! 14ஆம் நூற்றாண்டில் அரசிருக்கையாக விளங்கிய கம்பளையின் அயலிலேதான், 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பிப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். கோப்பியின் பின் தேயிலை வந்தது. அத்தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர் வழியிலேயே நோய்க்கு இரையாயினர். எஞ்சியோரின் சந்ததியினர் இன்றும் இம்மலைகளில் வாழ்கின்றனர். அவர்களுள் ஒரு தாய், "நெஞ்சு அடைக்குதுங்க ஐயா" என்று சொல்லும்போது, ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவனுக்கு அது வெறும் ஒலியே. சிங்களமும் ஆங்கிலமும் மட்டும் அறிந்த டாக்டருக்கும் அது முழுதும் எட்டுவதில்லை. இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லை விழுங்கினால், ஒரு நோயையே விழுங்கியவராவார்.

இதனை நன்குணர்ந்தவர் அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன். வரும்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25. மானிப்பாயில் வைத்தியம் செய்த அவர் தமிழைக் கற்றார். மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். நம் இளைஞர்க்குத் தமிழிலேயே வைத்தியம் போதித்தார். அனுபவம் பெற்றுச் சென்றது மாத்திரமன்று, பெற்றதைவிட அதிகமாகக் கொடுத்தும் சென்றார். சில வாரங்களே தங்கும் மாணவனிடம் இவ்வளவை எதிர்பார்த்தல் தகாது. ஆயினும், வலி, காய்ச்சல், மூச்சு, தண்ணீர் என்னும் நான்கு சொற்களையாவது கற்று வரலாம் அன்றோ?

எல்லை எது?

தன் நாட்டிலே செய்ய அனுமதிக்கப்படாத ஒரு காரியத்தை, ஏழை நாடு என்பதால் இங்கு செய்து பழகலாம் என எண்ணுவது பெருந்தவறு. மேற்பார்வையின்றி ஊசி ஏற்றுவதும், தையலிடுவதும், நோயாளியின் சம்மதமின்றிப் படம் பிடிப்பதும் கல்வியாகா. 2010இல் அறிஞர் குழுவொன்று இத்தகைய பயிற்சிக்கென நெறிகளை வகுத்து வெளியிட்டது. பயன் இரு தரப்பினர்க்கும் கிட்டவேண்டும். வரவேற்கும் வைத்தியசாலைக்குச் சுமை ஏறலாகாது. மாணவன் தன் தகுதிக்கு மேற்பட்டதிற் கை வைத்தலாகாது என்பன அவற்றின் சாரம்.

இவ்வறிவுரை வெள்ளைக்கார மாணவர்க்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுப் பிள்ளைகளும் வங்காள தேசம், நேபாளம், சீனா, ருஷ்யா முதலிய நாடுகளுக்கு வைத்தியம் பயிலச் செல்கின்றனர். நகையை அடகு வைத்தும் காணியை விற்றும் அனுப்பும் பெற்றோர் உளர். பட்டம் பெற்றுத் திரும்பியபின் இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையிலும் அவர்கள் சித்தியடைய வேண்டும். ஆதலால் நூலறிவோடு நோயாளியின் அருகிருந்து பெறும் பயிற்சியும் அங்கு போதிய அளவு கிடைக்குமா என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே விசாரித்தல் நலம். பிள்ளைகளும் ஒன்றை மறத்தலாகாது. அங்கு அந்நியர் நாமே. டாக்காவிலே கட்டிலிற் கிடக்கும் கிழவியும், கம்பளைத் தோட்டத்துப் பாட்டியைப் போன்றவளே. அவளுடைய மொழியைக் கற்காமல் அவளுடைய நோயைக் கற்றல் இயலாது.

மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணப் புகுந்த வள்ளுவர், வைத்தியனையோ மருந்தையோ முதலில் வைத்தாரில்லை. நோயுற்றவனையே முதலில் வைத்தார். கடல் கடந்து வருவோரும் செல்வோரும் அவ்வரிசையை மாற்றாதிருப்பாராயின், பழமொழியில் உள்ள "ஆயிரம் பேர்" பிழைத்துக்கொள்வர்.