நெருப்பு கட்டடத்தோடு நிற்பதில்லை

1981 மே முடிந்து ஜூன் பிறந்த நேரத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையொட்டி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்த பொலிசாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் வைத்த தீ அது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. கே. எம். செல்லப்பா 1933இல் தம் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தின்படி 1959இல் வெண்ணிற மாளிகையாக உருவெடுத்திருந்தது. புனித பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து தீயைக் கண்ட தாவீது அடிகள் அதிர்ச்சியில் சரிந்து உயிர்விட்டார். அவர் எழுபதைக் கடந்தவர். பல மொழிகள் கற்ற அறிஞர்.

எரிந்த நூல்களுக்குக் கணக்கு இருக்கிறது. உடலில் ஏறிய சேதத்தை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. ஆனால் துக்கமும் அச்சமும் உடலைத் தாக்கும் வழியை மருத்துவம் இன்று ஓரளவு நன்றாகவே அறியும். மனம் ஆபத்தை உணர்ந்த நொடியில் அட்ரினலின் இரத்தத்தில் பாய்கிறது. நாடி விரைகிறது, அழுத்தம் ஏறுகிறது, இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. இதயக் குழாயில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்திருப்பவருக்கு அந்தச் சில நிமிடங்களே போதும். 1994 ஜனவரி 17 அதிகாலை லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, அதற்கு முந்தைய வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரி 4.6 ஆக இருந்த திடீர் இதய இறப்புகள் அந்த ஒரே நாளில் 24 ஆயின.

குழாயில் அடைப்பே இல்லாதவருக்கும் இது நேரலாம். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த ‘தகோட்சுபோ’ என்ற நிலையில், பேரதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் இடக் கீழறை தற்காலிகமாகச் செயலிழந்து உப்புகிறது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எல்லாம் மாரடைப்பைப் போலவே இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களையே இது பெரிதும் தாக்குகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள், எல்லோரும் அல்லர்.

திடீர் அதிர்ச்சியைவிட நீண்டகாலச் சோர்வு ஓசையில்லாமல் வேலை செய்கிறது. நெருக்கடியில் சுரக்கும் கோர்ட்டிசோல் பல மாதங்கள் உயர்ந்தே இருந்தால் இரத்தச் சர்க்கரை ஏறும், நித்திரை கெடும், நோயெதிர்ப்பு தளரும். 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்துக் களைத்த 13 பெண்களின் கையில் ஒரு சிறு காயம் ஏற்படுத்திக் கவனித்தனர். அதே வயதுடைய மற்றப் பெண்களைவிட அவர்களுக்குக் காயம் ஆற ஏறத்தாழ 9 நாள் கூடுதலாக எடுத்தது. இதை வைத்துக்கொண்டு, சிரித்தால் நோய் போகும் என்று வாக்குக் கொடுப்பவர்களை நம்பத் தேவையில்லை. ஏறத்தாழ 7 லட்சம் பிரித்தானியப் பெண்களை ஆராய்ந்து 2015இல் வெளியான முடிவின்படி, உடல்நிலை, புகைத்தல் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகு மகிழ்ச்சி மட்டும் ஆயுளைக் கூட்டவில்லை. நோயும் மனதைக் கெடுக்கிறது. எது முதலில் வந்தது என்று பிரிப்பது கடினம்.

திருகோணமலை மாவட்டத்தின் தென்கரையில் துயரம் உடலில் ஏறுவதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2004இல் கடல்கோள் வந்தது. 2006 ஆகஸ்டில் மூண்ட போர் மோதலில் மூதூர், தோப்பூர் மக்கள் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். இப்படிப்பட்ட அழிவைக் கண்டவர்கள் மருத்துவரிடம் போனால் ‘கவலை’ என்று சொல்வது அபூர்வம். தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு உளைவு, நித்திரை இல்லை, பெருமூச்சு வருகுது என்பார்கள். வட இலங்கையில் போர்ப் பாதிப்பை நெடுங்காலம் ஆராய்ந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும், உடல் முறைப்பாடாகவே துயரம் வெளிப்படுவதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார். குடும்பத்தை மட்டுமல்ல, கூட்டத்தையே தாக்கும் காயம் என்பது அவருடைய கருத்து. கோவில், பள்ளிவாசல், பாடசாலை, நூலகம் ஆகியவை ஒரு கூட்டம் கூடிப் பழகும் இடங்கள். அவை எரியும்போது ஆறுதல் தேடிப் போகும் இடமும் சேர்ந்தே எரிகிறது. பழைய கட்டடத்தின் தீப்பாதுகாப்பைத் தொல்லியல் அலுவலரின் தலையிலேயே போட்டுவிடுவது இதனால்தான் போதாது.

கல் எரியாது என்ற நம்பிக்கை பலரைக் கெடுத்திருக்கிறது. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 பாகை செல்சியஸில் அமைப்பு மாறிச் சட்டென்று விரிகிறது, கல் பிளக்கிறது. அந்தச் சூட்டில் குளிர்நீரைப் பீச்சினால் மேலும் உதிரும். 2018 பெப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோவிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் நடந்தது இதுவே. மண்டபத்தினுள் இருந்த கடைகளில் பற்றிய தீ தூண்களையும் மேற்கூரைக் கற்களையும் வெடிக்கவைத்தது. எரிந்தவை பிளாஸ்டிக் பொருளும் துணியும். விழுந்தது நாயக்கர் காலச் சிற்பவேலை. பிறகே கோவிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன.

மரத்தின் குணம் வேறு. தடித்த தேக்கு வளை வெளியிலிருந்து மெதுவாகவே கரியாகிறது. உள்ளே உள்ள வைரம் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும். 550 பாகையில் பாதி வலுவை இழந்துவிடும் இரும்புச் சட்டத்தை விட அது பல நேரம் நம்பத்தக்கது. ஆகவே பழைய உத்தரத்தைக் கழற்றி இரும்பு போடுவது பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு. ஆபத்து மெல்லிய சட்டங்களிலும், கூரைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்திலும் இருக்கிறது. தடுப்பே இல்லாத அந்த வெளியில் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவிடும்.

2019 ஏப்ரல் 15 மாலை பரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் புகை உணர்கருவி சரியான நேரத்தில்தான் ஒலித்தது. காவலர் தவறான இடத்துக்கு அனுப்பப்பட்டார். தீயணைப்புப் படையை அழைக்க ஏறத்தாழ அரை மணி நேரம் கழிந்தது. அதற்குள் இடைக்கால ஓக் மரக் கூரை கைவிட்டுப் போனது. 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட பேராலயத்தின் புதிய கூரையினுள் நீர்த்திவலை தெளிக்கும் அமைப்பு இருக்கிறது. கருவி வாங்கி மாட்டுவதைவிட, ஒலி கேட்டவர் எந்தப் படியில் ஏற வேண்டும் என்று முன்பே நடந்து பழகியிருப்பது மேல். ஜப்பானில் ஹோரியூஜி ஆலயத்தின் பழைய சுவரோவியங்கள் 1949 ஜனவரி 26இல் கருகின. ஓவியங்களைப் படியெடுத்த கலைஞர்களின் மின்சூட்டு மெத்தையே காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பண்பாட்டுச் சொத்துச் சட்டம் வந்தது. 1955 முதல் ஒவ்வொரு ஜனவரி 26லும் நாடெங்கும் ஆலயங்களில் தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது.

திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாமும், அதைக் கடந்து கோணேஸ்வரத்துக்குப் போகும் பாதையும் இருக்கின்றன. பாதை பழைய கோட்டை வாசல் வழியாகவே செல்கிறது. தீயணைப்பு வண்டி நீர் நிரம்பிய நிலையில் அந்த வாசலில் நுழையுமா, உள்ளே திரும்ப இடம் உண்டா என்பது தீ வந்த பிறகு அளக்கும் விஷயமல்ல. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். சுவரோரம் சுத்தமாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மிகப்பெரிய கவலை மின்னொழுக்கு. பழைய சுவரில் பின்னாளில் ஒட்டிய வயர், விழாக்கால விளக்குகள், திருத்தவேலையின்போது நடக்கும் வெல்டிங் ஆகியவையே பல வரலாற்றுக் கட்டடங்களில் தீயின் தொடக்கம். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே இருந்து பார்த்துவிட்டுப் போவது பணச்செலவில்லாத காவல்.

கட்டடத்தை மறுபடி கட்டலாம். யாழ்ப்பாண நூலகமும் கட்டப்பட்டது. ஒற்றைப் பிரதியாக எரிந்துபோன ஏடு திரும்பாது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்து இணையத்தில் வைப்பதற்கு அந்த இழப்பின் நினைவும் ஒரு காரணம். கோவில் கணக்கேடு, பள்ளிவாசல் பதிவேடு, காணி உறுதி எதுவானாலும் ஒரு படி வேறொரு ஊரில் இருக்க வேண்டும். தீ வந்துபோன பிறகு வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் நித்திரையின்றி, நெஞ்சு நோகிறது என்றால், இதயப் பரிசோதனையை முதலில் செய்துகொண்டு மனநிலையையும் மருத்துவரிடம் சொல்வது முறை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணிலும் கதைக்கலாம்.