தேர்தலும் கண்ணியமும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் நாட்டில் சந்தடிக்குக் குறைவில்லை. கொடிகள் பறக்கின்றன, ஒலிபெருக்கிகள் முழங்குகின்றன, நேற்றுவரை ஒரே திண்ணையில் அமர்ந்து பேசியவர்கள் இன்று முகத்தைத் திருப்பிக் கொள்கின்றனர். இத்தனை ஆரவாரத்துக்கிடையே, வோட்டளிப்பதற்கு வேண்டிய முன்னேற்பாடுகளைச் செய்துகொண்டவர் எத்தனை பேர் என்று வினவினால், கிடைக்கும் விடை திருப்திகரமாயிராது.

1951-52-ல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலை நினைவுகூர்வோம். அப்பொழுது பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்து, “இன்னாருடைய மனைவி”, “இன்னாருடைய தாய்” என்றே ஜாபிதாவில் பதிவு செய்துகொண்டனர். தலைமைத் தேர்தல் கமிஷனராயிருந்த ஸ்ரீ சுகுமார் சென் இதற்கு இணங்கவில்லை. முடிவில், பெரும்பாலும் வட இந்தியாவில், சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. இஃது அம்மாதரின் அறியாமை என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவர்களுடைய பெயரை எடுத்துச் சொல்லியிருக்கக்கூடிய ஆடவர் அவ்வீடுகளில் இருந்தனரன்றோ? பொதுக்கூட்டத்தில் ஜனநாயகத்தைப் பற்றிப் பேசுவோர், முதலில் தம் வீட்டாருடைய பெயரெல்லாம் ஜாபிதாவில் உளதா என்று பார்ப்பாராக.

அடையாள அட்டை கையிலிருப்பது மட்டும் போதாது. ஜாபிதாவில் பெயரில்லாதவருக்கு வோட்டில்லை. அபேட்சக மனுக்களைத் தாக்கல் செய்வதற்குரிய கடைசி நாள் கடந்தபின் பெயரைச் சேர்க்கவும் சட்டம் இடந்தராது. வோட்டுச்சாவடிக்குச் சென்று சினங்கொள்வதினும், முன்னரே ஒரு மணி நேரம் செலவிடுதல் நன்று.

அடுத்தது, அபேட்சகரை அறிதல். தம் மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அபேட்சகர் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டுமென்பது சுப்ரீம் கோர்ட்டின் 2002-ஆம் வருஷத்துத் தீர்ப்பின் பயன். அதனைப் படித்துப் பாராது, பணமுடிப்பை மட்டும் எண்ணிப் பார்ப்பது தன்னைத் தானே விற்பதாகும். பணம் கொடுப்பது மட்டுமன்று, வாங்குவதும் குற்றமே. 2019-ல் வேலூர்ப் பார்லிமெண்டுத் தேர்தல், பண நடமாட்டம் காரணமாக வோட்டு நாளுக்கு இரண்டு தினம் முன்பு ரத்தாயிற்று. சிலர் செய்த தவற்றால் தொகுதி முழுவதும் ஆகஸ்டு மாதம் வரையில் காத்திருக்க நேர்ந்தது.

இனி, ஒழுக்கம். வோட்டுப்பதிவு முடியும் நேரத்திற்கு முந்திய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம் கூடாது. வாக்கெடுப்பு நாளில் சாவடிக்கு 100 மீட்டருக்குள் வோட்டுக் கேட்கலாகாது. ஜாதி, மதத்தின் பெயரால் வோட்டுக் கேட்டல் ஊழற்செயல். இவை 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் உள்ளவை. ஆனால் சட்டம் எட்டாத இடமும் உண்டு. எதிர்க்கட்சியாரின் வீட்டுப் பெண்டிரை இழித்துரைப்பதும், வாக்காளர் “யோசிக்கிறேன்” என்றபின்னும் வாசலை மறித்து நிற்பதும், மனைவிக்கும் மகனுக்கும் வோட்டுப் போடும் சின்னத்தை உத்தரவிடுவதும் பெரும்பாலும் கோர்ட்டுக்கு வாரா. அவற்றைத் தடுக்க நம் மனச்சாட்சி ஒன்றே உண்டு.

கடுமொழியால் வோட்டுச் சேருமென்று எண்ணும் தொண்டர்கட்கு ஒன்று கூறுவோம். கர்நாடகத்தில் 2004-லும், ராஜஸ்தானத்தில் 2008-லும், சட்டசபை அபேட்சகர் ஒருவர் ஒரே வோட்டில் தோல்வியுற்றார். மனம் நொந்து திரும்பிப் போகும் வாக்காளர் ஒருவர் போதும், தொண்டர் பலரின் உழைப்பு வீணாவதற்கு.

இதனை இலாப நஷ்டக் கணக்காக மட்டும் நாம் சொல்லவில்லை. முடிவு வெளியான மறுநாளும் அதே தெருவில்தான் நாம் வசிக்க வேண்டும். அதே கிணற்றில்தான் நீர் எடுக்க வேண்டும். வென்றவரும் தோற்றவரும் எதிரெதிரே வருங்கால் கூசாமல் கைகூப்பக்கூடிய நிலையில் தேர்தலை நடத்தி முடித்தோமாயின், அதுவே ஊருக்குக் கிடைத்த வெற்றியாகும்.